வெள்ளையில் வெள்ளை

வட்டகொடை ஸ்டேசனுக்கு மூடுபனி பகல் பதினொரு மணிக்கும் வரும். சொல்லாமல் கொள்ளாமல் வரும். எதிர்ப்பக்கத்துத் தேயிலை மலை முதலில் மறையும், பிறகு சிக்னல் கம்பம், அதன் பிறகு பிளாட்போமின் அந்த முனை. கடைசியில் ஸ்டேசன் மாஸ்டர் சிவபாதமும் அவர் மேசையும் சுவர் மணிக்கூடும் மட்டுந்தான் உலகத்தில் மிச்சம். ரயில் வரும்போது முதலில் சத்தம் வரும், அடுத்து மஞ்சளாய் ஒரு வெளிச்சம், எங்கேயோ கனவுக்குள்ளிருந்து புறப்பட்டு வருவது மாதிரி. பதின்மூன்று வருடமாகப் பார்த்தும் அவருக்கு அது அலுக்கவில்லை.

அவர் மலைக்கு வந்தது தன் விருப்பத்தில் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு வரை வடக்கே கொடிகாமம் ஸ்டேசனில் இருந்தார். சண்டையில் வடக்குக்கு ரயில் நின்றுபோனது. ரயில் வராத ஸ்டேசனுக்கு மாஸ்டர் எதற்கு? வட்டகொடைக்கு மாற்றம் வந்தது. மனைவி குணபூசணி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியை. மகள் தயானிக்கு அப்போது பன்னிரண்டு வயது. "ஆறு மாசத்தில எல்லாம் சரிவரும், குணம்" என்று சொல்லிவிட்டு ஒரு பெட்டியோடு வந்தார். ஆறு மாதம் பன்னிரண்டு வருடமாயிற்று. இடையில் கப்பலிலும், பாஸ் எடுத்துச் சுற்றுவழியிலுமாக நாலு தடவை போய்வந்திருப்பார். தயானி வளர்ந்து, கலியாணம் முடித்து, கனடாவுக்கும் போய்விட்டாள்.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை ஓய்ந்து வடக்குக்குப் பாதை திறந்தது. எல்லோரும் போனார்கள், இவரும் போனார். பத்து நாள் நின்றார். அந்தப் பத்து நாளும் அவரும் குணபூசணியும் ஒருவருக்கொருவர் விருந்தாளிபோல நடந்துகொண்டார்கள். குளிக்கப் போனால் துவாய் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் கூச்சமாயிருந்தது. முதல்நாள் காலை தேத்தண்ணி போடும்போது அவள் குசினி வாசலில் நின்று, "சீனி எத்தினை கரண்டி?" என்று கேட்டாள். பதினோராம் நாள் அவர் பஸ் ஏறினார். அதன் பிறகு போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னார். அவளும் நம்பியவள்போல இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசுவார்கள். "சுகமோ?" "ஓம். அங்கை?" "குளிர்." "இஞ்சை வெயில்." அதற்கு மேல் வளராது.

இப்படி இருக்கும்போதுதான் தயானி கனடாவிலிருந்து வந்த ஒருவரிடம் சின்னதொரு டிஜிட்டல் கமரா கொடுத்தனுப்பினாள். கூடவே ஒரு கடிதம். இன்டர்நெட்டில் குடும்பத்துக்கென்று ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறாளாம். காசில்லை, சும்மா தருகிறார்கள். அப்பாவுக்கு ஒரு பகுதி, அம்மாவுக்கு ஒரு பகுதி, தனக்கு ஒரு பகுதி. மூன்று பேருக்கும் ஒரே கடவுச்சொல். "நீங்கள் அங்கை இருந்து படம் போடுங்கோ, அம்மா ஊரிலை இருந்து போடுவா. நான் ஒரே இடத்தில ரெண்டு பேரையும் பாப்பன்" என்று எழுதியிருந்தாள். கடைசி வரியை அவர் இரண்டு தரம் வாசித்தார்.

தலவாக்கலை பஜாரில் ஹஸ்ஸானின் புடவைக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு கம்பியூட்டர் வைத்து ஒரு கம்யூனிகேசன் கடை நடந்தது. நடத்தியவள் ஹஸ்ஸானின் தங்கை கமறியா. முப்பத்தைந்து வயதிருக்கும், புருஷன் சவூதியில். கண்டியில் போய் மூன்று மாதம் படித்துவிட்டு வந்திருந்தாள். வியாழன் சிவபாதத்துக்கு ஓய்வு நாள். கமராவை ஒரு கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வந்து நின்றவரைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"பயப்பட ஒண்டுமில்ல மாஸ்டர்," என்றாள். "இது முழுக்கப் பெட்டி பெட்டியாத்தான் இருக்கு. படம் ஒரு பெட்டி, எழுத்து ஒரு பெட்டி. புடிச்சு இழுத்தா வரும். மேல வேணுமா மேல வைங்க, கீழ வேணுமா கீழ வைங்க."

"பிழையா இழுத்தால்?"

"திரும்ப இழுங்க."

அவருக்கு அது பெரிய ஆறுதலாயிருந்தது. பிழையாய் இழுத்ததைத் திரும்ப இழுக்கக்கூடிய ஒரு காரியம் உலகத்தில் இருக்கிறது.

அப்படியே வியாழக்கிழமைகள் ஓடின. அவர் மூடுபனியைத்தான் படம் பிடித்தார். பனிக்குள் தண்டவாளம், பனிக்குள் கொழுந்துக் கூடையோடு நடந்து போகும் பெண்களின் முதுகு, பனிக்குள் ஒன்றுமேயில்லாத பிளாட்போம். போர்ட்டர் செல்லசாமி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்கய்யா, ஒன்னுமே தெரியலீங்களே" என்பான். "அதைத்தான் எடுத்தனான்" என்பார் இவர். படத்துக்குக் கீழே திகதியும் நேரமும் எழுதுவார். கடமைப் புத்தகம் எழுதிப் பழகிய கை. வேறொன்றும் எழுத வராது.

குணபூசணி பள்ளிக்கூடத்துக்கு அருகில் புதிதாய்த் திறந்த ஒரு கம்பியூட்டர் நிலையத்துக்குப் போகிறாள் என்று தயானி சொன்னாள். அவளுடைய பகுதியில் பிள்ளைகள் கீறிய சித்திரங்கள் வந்தன. பனைகள், ஆடுகள், மூக்கில்லாத மனிதர்கள். அவள் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் ஒன்றை அவர் கவனித்தார். அவளுடைய கடைசிப் படத்துக்குக் கீழே வெறும் வெள்ளை இடம் கிடந்தது, ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் நீண்டுகொண்டே போனது. தயானியின் பகுதிக்குப் போவதற்குள் சுட்டியை உருட்டி உருட்டி விரல் நோகும். பாவம், வெற்று வரிகளை அழிக்கத் தெரியவில்லை என்று நினைத்தார்.

கார்த்திகை மாதம், நல்ல மழை. கடையில் வேறு ஆள் இல்லை. "தங்கச்சி, இந்தப் பக்கம் ஒழுங்கில்லாமல் கிடக்கு," என்றார். "என்ரை நீலம், மகளின்ரை றோஸ், இவவின்ரை வெள்ளை. மூண்டு வீட்டுக்காரர் மாதிரி. ஒரு நிறத்தில வரப் பண்ணேலாதோ?"

"ஏன் ஏலாது? மூணையும் ஒரே கூட்டமாச் சேத்துட்டாச் சரி." கமறியா கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "முதல்ல ஒரு பெரிய பெட்டி போடுங்க. அதுக்குள்ள மூணையும் இழுத்து வைங்க. இப்ப பெரிய பெட்டிக்கு என்ன நிறம் குடுக்கிறீங்களோ, உள்ளுக்கு இருக்கிற எல்லாத்துக்கும் அதுதான். நகத்தினாலும் மூணும் ஒண்டாத்தான் நகரும்."

அவர் ஒவ்வொன்றாய் இழுத்து வைத்தார். தன்னுடையதை, மகளுடையதை, கடைசியில் மிகக் கவனமாகக் குணபூசணியுடையதை. நிறங்களின் வரிசை வந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்து ஒரு கரும்பச்சையைத் தொட்டார், மழையில் நனைந்த தேயிலையின் பச்சை.

இன்டர்நெட் லைன் மெதுவான நாள். பச்சை மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, மலையில் நிழல் இறங்குவதுபோல இறங்கியது. அவருடைய படங்களைத் தாண்டியது. பிள்ளைகளின் பனைகளையும் ஆடுகளையும் தாண்டியது. அந்த வெற்று இடத்துக்குள் போனபோது, அங்கே வெள்ளை எழுத்துகள் இருந்தன. வரிக்கு வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக, பச்சையில் பளிச்சென்று.

சிவபாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் குணபூசணி எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள், ஆறு மாதமாக.

"இண்டைக்குப் பிள்ளைகளுக்கு மழை கீறக் குடுத்தன். ஒருத்தி தாளைச் சும்மா விட்டிட்டு, மழைக்குள்ள ஒண்டும் தெரியாது ரீச்சர் எண்டாள். உங்கடை பனிப்புகார்ப் படங்கள் ஞாபகம் வந்தது. முழுப் புள்ளி குடுத்தன்."

"பிளாட்போம் படத்தில உங்கடை நிழல் விழுந்திருக்கு. தோள் கூனிப்போச்சு. மேசையில குனிஞ்சபடி இருக்காதேங்கோ."

"ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனை வைச்ச பிறகு நான் கொஞ்ச நேரம் வைக்கிறேல்லை."

"நீங்கள் வந்து நிண்டபோது சீனி எத்தினை எண்டு கேட்டன். எனக்குத் தெரியும், ஒண்டரை. தெரியாதவள் மாதிரி ஏன் கேட்டன் எண்டு இண்டைக்கும் விளங்கேல்லை. கேட்டுப்போட்டுக் குசினிக்குள்ள நிண்டு அழுதன்."

ஆகக் கீழே, போன கிழமை எழுதியது: "பாதை திறந்திட்டுது. இனி ஆரைக் குறை சொல்லுறது?"

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் இருந்தாரோ. கமறியா எப்போது எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள் என்றும் அவர் காணவில்லை.

"தங்கச்சி, இது இப்ப எல்லாருக்கும் தெரியுதோ?"

"இல்ல மாஸ்டர். வெளியிடுறதுக்குத் தட்டல்லயே. இப்ப நீங்க மட்டுந்தான் பாக்கிறீங்க." கொஞ்சம் பொறுத்து, "நான் ஒண்டும் வாசிக்கல்ல" என்றாள்.

அவர் நிறத்தை வெள்ளைக்கு மாற்றினார். எழுத்துகள் ஒவ்வொரு வரியாய் வெளுத்து மறைந்தன. பெட்டியையும் கலைத்து, எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுவிட்டு வட்டகொடைக்கு பஸ் ஏறினார். பஸ்ஸில் யாரோ தள்ளி இருக்கச் சொன்னார்கள். அவருக்குக் கேட்கவில்லை.

ஒரு கிழமை முழுக்க என்ன எழுதுவதென்று யோசித்தார். சிக்னல் இறக்கும்போதும், டிரைவரிடம் பாதை அனுமதி வளையத்தைக் கொடுக்கும்போதும் அதே யோசனை. மனதுக்குள் பந்தி பந்தியாய் எழுதினார். வியாழக்கிழமை கமறியாவின் கடையில் குந்தி ஒரு மணித்தியாலம் விரலை எழுத்துகளின்மேல் வைத்துக்கொண்டு இருந்தார். கடைசியில் அவளுடைய கடைசி வரிக்குக் கீழே, வெள்ளையில் வெள்ளையாக எழுதியது இவ்வளவுதான்: "இப்ப ஒண்டரை இல்லை, ஒண்டு. டொக்டர் குறைக்கச் சொன்னவர்."

அடுத்த வியாழன் பக்கத்தைத் திறந்தார். குணபூசணியின் பகுதி சின்னதாகிவிட்டிருந்தது. படங்கள் முடிந்த இடத்திலேயே தயானியின் பகுதி தொடங்கியது. அவளுடைய வரிகளும் இல்லை, அவருடைய வரியும் இல்லை. சுட்டியை இழுத்து இழுத்துத் தேடினார். துடைத்து வைத்த கரும்பலகைபோல இருந்தது.

ஞாயிறு போனில், "சுகமோ?" என்றார்.

"ஓம்," என்றாள் அவள். அங்கே எப்படி என்று கேட்கவில்லை. தான் முந்தி வைத்துவிட்டாள்.

கமறியாவிடம்தான் அவரால் சொல்ல முடிந்தது. அவள் கேட்டுவிட்டுப் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "மாஸ்டர், கோவிக்காதீங்க. ஒரு பொம்பள மனசில இருக்கிற எல்லாத்தையும் கொட்டி வச்சிருக்கா. நீங்க போய்ச் சீனிக் கதை சொல்லிட்டு வந்திருக்கீங்களே."

"நீர் வாசிக்கேல்லை எண்டனீர்?"

"கண்ணு போயிட்டு மாஸ்டர், என்ன செய்ய?" சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். "எங்க அவரும் இப்படித்தான். நான் நாலு பக்கம் எழுதினா, நோம்புக்கு என்ன ஆக்கினீங்க எண்டு கேட்டு நாலு வரி வரும். அவருக்கு அன்பில்லாம இல்ல. அது எங்க இருக்கெண்டுதான் அவருக்கே தெரியாது."

அவர் திரும்பி உட்கார்ந்தார். தன்னுடைய பகுதியைப் பிடித்து இழுத்துக் குணபூசணியுடையதற்குப் பக்கத்தில், தோளோடு தோளாக வைத்தார். மூடுபனிப் படங்களுக்கு மேலே புதிதாய் ஒரு எழுத்துப் பெட்டி போட்டார். நிறம் கேட்டது. கறுப்பைத் தொட்டார். பிறகு யோசிக்காமல் எழுதினார். யோசித்தால் மறுபடியும் சீனிதான் வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"குணம், லீவு கிடைக்கேல்லை எண்டு சொன்னது பொய். பாதை திறந்தும் நான் வராமல் இருந்தது பயத்தில. வந்தால் என்ன கதைக்கிறது எண்டு தெரியேல்லை. பத்து நாளும் நீர் என்னை ஒரு ஆபீசரைப் பாக்கிற மாதிரிப் பாத்தீர். நான் அப்பிடித்தான் நடந்திருப்பன். இஞ்சை புகார் வரேக்கை ஒவ்வொரு முறையும், உமக்குக் காட்ட வேணும் எண்டுதான் நினைக்கிறன். படம் பிடிக்கிறது அதுக்குத்தான். திகதி போடுறது, வேறை ஒண்டும் எழுதத் தெரியாததாலை."

"வெளியிடவா மாஸ்டர்?" என்றாள் கமறியா.

"விடும்."

மூன்றாம் நாள் ஸ்டேசன் போன் அடித்தது. கனடா. தயானிக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரல். "அப்பா, இதென்னப்பா? மாமியாக்களும் இதைப் பாக்கினம்."

"பாக்கட்டும் பிள்ளை. நான் கோச்சி அனுப்ப வேணும், வைக்கிறன்" என்று வைத்துவிட்டார். அந்த நேரத்துக்கு ரயில் எதுவும் இல்லை.

இரண்டு வியாழன்கள் பக்கம் அசையவில்லை. அவர் எழுதியது கறுப்பாய், வெட்கமில்லாமல் அப்படியே நின்றது. தை பிறந்த பிறகு மூன்றாம் வியாழன் பக்கத்தைத் திறந்தபோது கமறியாதான் முதலில் கண்டாள். "மாஸ்டர், வீடு மாறிட்டு!" என்றாள்.

தயானியுடையது கீழே தனியாக இருந்தது. மேலே ஒரே ஒரு பெரிய பெட்டி. அதற்குள் அவருடையதையும் தன்னுடையதையும் குணபூசணி சேர்த்துவிட்டிருந்தாள். சேர்த்ததோடு விடவில்லை, படங்களையும் கலந்துவிட்டாள். பனிக்குள் போகும் கொழுந்துப் பெண்களுக்குப் பக்கத்தில் மூக்கில்லாத மனிதர்கள், ஆளில்லாத பிளாட்போமுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளாடு, ரயிலுக்குக் காத்திருப்பதுபோல. பின்னணிக்கு மாம்பழத்தின் உள்நிறம் கொடுத்திருந்தாள். அவர் ஒருநாளும் தொட்டிருக்கமாட்டாத நிறம். பார்க்கப் பார்க்க, பனியின் வெள்ளைக்கு அதைவிடப் பொருந்தும் நிறம் வேறில்லை என்று பட்டது. சித்திர ஆசிரியை அல்லவா!

கீழே கறுப்பில்: "வெள்ளை மெழுகுதிரியால கீறிப்போட்டு மேல நிறம் பூசினால் கீறினது தெரிய வரும். ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டுற வித்தை. நீங்கள் பூசிப் பாக்க இவ்வளவு நாள் எடுக்கும் எண்டு நினைக்கேல்லை. பூசினது போதாதெண்டு சீனிக் கதை வேறை. சித்திரை லீவுக்கு வாறன். கம்பளிச் சட்டை ஒண்டு வாங்கி வையுங்கோ. அளவு முந்தின அளவில்லை."

அவர் கீழே ஹஸ்ஸானின் கடைக்கு இறங்கினார். முந்தின அளவு என்னவென்றே அவருக்கு ஞாபகமில்லை. கமறியாவும் கூட இறங்கிவந்து, பெரியதாக ஒன்றையும் அதைவிடப் பெரியதாக ஒன்றையும் எடுத்துக் கட்டிக் கொடுத்தாள்.

சித்திரையில் குணபூசணி வந்தாள். பஸ்ஸில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து ரயில். அன்று விடிய நல்ல வெயிலாயிருந்தது. செல்லசாமி பிளாட்போமைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்தான். "அம்மாவுக்கு இன்னைக்கு மலையெல்லாம் நல்லாத் தெரியுங்கய்யா" என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை, பள்ளத்திலிருந்து பனி ஏறத் தொடங்கியது. ரயில் வந்தபோது சத்தமும் மஞ்சள் வெளிச்சமுந்தான்.

சிவபாதம் கடமையில் இருந்தார். டிரைவரிடம் வளையத்தைக் கொடுத்து வாங்கி, கொடி காட்டி அனுப்பும்வரை திரும்பிப் பார்க்க முடியாது. கடைசிப் பெட்டி வெள்ளைக்குள் கரைந்து போனதும் திரும்பினார். பிளாட்போம் இல்லை. எங்கேயோ செல்லசாமி, "பொட்டிய நான் எடுத்துக்கிட்டுப் போறேங்க, நீங்க மெதுவா வாங்க!" என்று சொல்லிக்கொண்டு குவாட்டர்ஸ் பக்கம் ஓடும் காலடி கேட்டது.

"இஞ்சேருங்கோ," என்றது ஒரு குரல்.

அவர் குரல் வந்த பக்கம் நடந்தார். பழக்கமான பிளாட்போம்தான், ஆனாலும் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார்.

"எங்கை நிக்கிறீர்?"

"இஞ்சைதான். அசையப் பயமா இருக்கு. இது தண்டவாளப் பக்கமோ, மற்றப் பக்கமோ?"

"அசையாதையும். நான் வாறன்."

முதலில் ஒரு சேலைக் கரை தெரிந்தது, பிறகு ஒரு தோல்பை, பிறகு அவள். தலை நன்றாக நரைத்திருந்தது. பனித்துளிகள் புருவத்தில் நின்றன. மறுபடியும் விருந்தாளிகளாய்ப் போய்விடுவோமோ என்று நினைத்தார்.

"படத்தில இவ்வளவு இல்லையே," என்றாள் அவள், சுற்றிப் பார்த்து.

"இது சும்மா சின்னன். ஆடியில வந்து பாரும்."

"ஆடியில பள்ளிக்கூடம்." பிறகு, "எங்கடை வீடு எந்தப் பக்கம்?" என்றாள்.

அவர் கையைத் தூக்கிக் காட்டப் போனார். எந்தப் பக்கமும் ஒரே வெள்ளையாக இருந்தது. பதின்மூன்று வருடம் இருந்த இடத்தில் அவருக்கே திசை பிடிபடவில்லை. அதைச் சொன்னார். அவள் சிரித்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல வாயைப் பொத்திக்கொண்டு. பெஞ்சியைத் தடவிக் கண்டுபிடித்து இருந்தார்கள். பனி விலக முக்கால் மணித்தியாலம் பிடித்தது. அதற்குள் அவள் மழை கீறாத பிள்ளையின் பேரையும், அவர் கொடிகாமத்தில் கடைசி ரயிலை அனுப்பிய நாளையும் சொல்லி முடித்திருந்தார்கள்.

அந்த முறை மூன்று கிழமை நின்றாள். பெரிய சட்டைதான் அளவாயிருந்தது. அடுத்த வருடம் மாற்றம் கேட்டு எழுதி, அலைந்து திரிந்து, தலவாக்கலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வந்துவிட்டாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மெழுகுதிரியும் நீலச் சாயமும் கொடுத்து வகுப்பையே நாசமாக்குகிறாள் என்று அதிபர் முறையிட்டாராம்.

தயானி ஒருநாள் போனில் குறைப்பட்டுக்கொண்டாள். "அம்மா, அந்தப் பக்கம் அப்பிடியே கிடக்கு. எட்டு மாசமா ஒருத்தரும் ஒண்டும் போடேல்லை. அப்பாவும் இல்லை, நீங்களும் இல்லை. நான் ஆரைப் பாக்கிறது?"

குணபூசணி றிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு முன்னறைப் பக்கம் திரும்பினாள். "இஞ்சேருங்கோ, பக்கத்தில ஒண்டும் போடேல்லையாம் எண்டு பிள்ளை கத்துறாள். என்ன சொல்ல?"

"நேரமில்லை எண்டு சொல்லும்," என்றார் சிவபாதம்.

"நேரமில்லையாம் பிள்ளை," என்றாள் அவள்.